17 வயசுப் பிள்ளைக்கு பிரிட்டனில் கார் இன்சூரன்ஸ்: நேர்மையாகவே விலையைக் குறைக்க வழி உண்டா?

#1 மார்கழிப்பூ

மகளுக்கு 17 வயசு. அடுத்த மாதம் பிராக்டிகல் டெஸ்ட். பாஸ் ஆனால் சின்னதா ஒரு பழைய கார் வாங்கித் தரலாம்னு இருக்கோம். பெரும்பாலும் அவள்தான் ஓட்டுவாள்: காலேஜுக்கு, சனிக்கிழமை கடை வேலைக்கு. வார இறுதியில் எப்போதாவது நான் எடுப்பேன். ஒப்பீட்டுத் தளத்தில் சும்மா போட்டுப் பார்த்தால் காரின் விலையை விட இன்சூரன்ஸ் அதிகமா வருது. பாலிசியை என் பெயரில் எடுத்து அவளை நேம்ட் டிரைவரா, அதாவது கூடுதல் ஓட்டுநரா சேர்த்தால் பாதியா குறையும்னு நாலு பேர் சொல்றாங்க. செய்யலாமா? ஓட்டும் விதத்தைப் பதிவு பண்ற பிளாக் பாக்ஸ் போட்டால் குறையுமா? எதை முதலில் முடிவு பண்ணணும்? கார் இன்னும் வாங்கலை.

#2 கணக்குப்பிள்ளை

கார் இன்னும் வாங்கவில்லை என்பதுதான் உங்கள் பதிவிலேயே நல்ல செய்தி. காரை வாங்கி வாசலில் நிறுத்திய பிறகு இன்சூரன்ஸ் தேடுபவர்களுக்கு அதிகம் உதவ முடியாது. பாதி விலை காரிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் அந்த நாலு பேர் யோசனை. அதற்கு இன்சூரன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபிரன்டிங். உண்மையில் அதிகம் ஓட்டுவது மகள், படிவத்தில் முதன்மை ஓட்டுநர் அம்மா என்றால் அது பொய்த் தகவல். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. கவனக்குறைவாகத் தவறான தகவல் கொடுத்திருந்தால் இழப்பீட்டை விகிதப்படி வெட்டலாம்: நிறுவனம் 2,000 பவுண்ட் பிரீமியம் வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 1,000 வாங்கியிருந்தால் இழப்பீட்டிலும் பாதிதான் வரும். தெரிந்தே சொன்ன பொய் என்றால் பாலிசியையே ரத்து செய்து, கட்டிய பிரீமியத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஃபிரன்டிங் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் போய் விழும். எதிர்த்தரப்புக்கு நிறுவனம் பணம் கொடுத்தாலும், அதை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். ஒருவருக்கு நிரந்தரக் காயம் என்றால் அந்தத் தொகையில் வீடே போகும்.

இதையே தலைகீழாகச் செய்யுங்கள், சட்டப்படி சரி. பாலிசி மகள் பெயரில், முதன்மை ஓட்டுநர் மகள், நேம்ட் டிரைவர் நீங்கள். நீங்கள் நிஜமாகவே வார இறுதியில் ஓட்டுகிறீர்கள், விபத்தோ லைசென்ஸில் குற்றத்துக்கான பாயின்டோ இல்லை என்றால் பெரும்பாலும் விலை இறங்கும். கார் உங்கள் பெயரில் பதிவாகி இருந்தாலும் பரவாயில்லை, படிவத்தில் "பதிவு உரிமையாளர்: பெற்றோர்" என்று உண்மையைச் சொன்னால் போதும். சில நிறுவனங்கள் அதை ஏற்காது, பல ஏற்கும்.

#3 வடமராட்சியான்

கணக்கண்ணை, நீங்கள் சொல்லுறது சட்டம். ஆனா எங்கட ஆக்களில கனபேர் அப்பிடித்தான் செய்யினம். ஒரு பிரச்சினையும் வரேல்லை எண்டுதான் சொல்லுகினம். உதை எப்பிடிக் கண்டுபிடிப்பினம்?

#4 கணக்குப்பிள்ளை

கிளைம் வராத வரை யாரும் பார்ப்பதில்லை தம்பி, அதனால்தான் பிரச்சினை வரவில்லை என்று தோன்றுகிறது. விலை குறைந்ததாக நினைக்கிற அந்த வருடமெல்லாம் அவர்கள் இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டுவதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கிளைம் வந்ததும் கேள்விகள் எளிமையானவை. செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் காலேஜ் வாசலில் விபத்து, ஓட்டியது மகள். அம்மா வேலைக்கு எதில் போகிறார்? வீட்டில் வேறு கார் உண்டா, அதற்கும் அம்மாதான் முதன்மை ஓட்டுநரா? காலேஜ் பார்க்கிங் பெர்மிட் யார் பெயரில்? "என் முதல் கார்" என்று சாவியோடு பிள்ளை போட்ட படம் பொதுவில் கிடக்கிறதா? பெரிய துப்பறிதல் எதுவும் தேவையில்லை.

இன்னொன்று. அம்மா தன் காரைத் தானே அதிகம் ஓட்டி, பிள்ளை வாரம் ஒருமுறை எடுப்பது ஃபிரன்டிங் இல்லை, அது முழுக்கச் சரி. ஆனால் அப்போது நோ கிளைம்ஸ் தள்ளுபடி, அதாவது கிளைம் போடாத வருடங்களுக்கான தள்ளுபடி, சேர்வது அம்மாவுக்கு. பிள்ளை இடித்தால் போவதும் அம்மாவின் தள்ளுபடிதான்.

#5 ஐந்தாம்கியர்

கார் பக்கம் நான் வருகிறேன்.

இங்கே கார்களுக்கு 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப் உண்டு. எண் சிறிதாக இருந்தால் நல்லது. உதிரி பாகத்தின் விலை, பழுது பார்க்க ஆகும் நேரம், வேகம், திருட்டுப் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்த எண் அது. புதிய மாடல்களுக்கு 2024இல் இருந்து வேறொரு மதிப்பீட்டு முறையும் வந்திருக்கிறது, ஆனால் பழைய கார் தேடுபவர்களுக்குக் குரூப் எண்தான் கைக்கு வரும்.

ஃபோக்ஸ்வேகன் அப், ஸ்கோடா சிட்டிகோ, சியட் மீ மூன்றும் ஒரே கார்தான், முகப்பில் உள்ள முத்திரைதான் வேறு. 1.0 லிட்டர் 60 பிஎஸ் (குதிரைத்திறன்) அடிப்படை வகை என்றால் குரூப் 1க்குள்ளேயே வரும். அதே அப்பில் ஜிடிஐ என்றால் 115 பிஎஸ், குரூப் எங்கேயோ போய்விடும். அதனால் மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், எஞ்சினையும் டிரிம்மையும் (அந்த மாடலின் உட்பிரிவு) பாருங்கள்.

குரூப் எண்ணே விலை இல்லை. எல்லாப் பிள்ளைகளும் வாங்கும் கார் என்றால், அந்தக் காரில் அந்த வயதினர் போட்ட கிளைம்களும் கணக்கில் இருக்கும். குரூப் 2இல் இருக்கும் ஹேட்ச்பேக்கை விட, தாத்தா பாட்டிகள் வாங்கும் குரூப் 8 கார் ஒன்று குறைவாக வருவது உண்டு. நாலைந்து வகைகளைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வழி இதுதான்: விற்பனை விளம்பரத்தில் இருக்கும் நம்பர் பிளேட்டை எடுத்து ஒப்பீட்டுத் தளத்தில் போடுங்கள். "எப்போது வாங்கினீர்கள்" என்ற கேள்விக்கு "இன்னும் வாங்கவில்லை" என்று ஒரு பதில் இருக்கும். அதே எண்ணை அரசின் எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) வரலாற்றுப் பக்கத்திலும் போட்டு மைலேஜையும் பழைய குறைகளையும் பாருங்கள், அது இலவசம். பெரிய விபத்துக்குப் பிறகு கேட்டகரி "எஸ்" (S) அல்லது "என்" (N) என்று குறிக்கப்பட்ட காராக இருந்தால் சில நிறுவனங்கள் கதவையே சாத்திவிடும். அதற்கு எம்ஓடி பக்கம் போதாது, காசு கட்டிப் பார்க்கும் வரலாற்றுச் சோதனை வேண்டும்.

பழைய காரில் எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று: முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்கள். கம்பெனி போடாத அலாய் வீல், கறுப்புக் கண்ணாடி, பெரிய எக்ஸாஸ்ட், டோ பார். நீங்கள் செய்யவில்லை என்பது பதிலாகாது, பாலிசியில் சொல்லியே ஆக வேண்டும். பார்க்கப் போகும்போது சக்கரத்தின் நடுவில் உள்ள மூடியைப் பாருங்கள். காரின் முத்திரை இல்லாமல் வேறு பெயர் இருந்தால் அது பின்னால் வாங்கிப் போட்ட வீல். விற்பவரிடம் பழைய வீல் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் மாட்டித் தரச் சொல்லுங்கள்.

#6 மார்கழிப்பூ

நன்றி. விளம்பரத்தில் இருந்து மூணு காரோட நம்பரைப் போட்டுப் பார்த்தேன், ஒண்ணுக்கொண்ணு பெரிய வித்தியாசம். படிவத்தில் எதை மாத்தினால் விலை மாறும்னு கொஞ்சம் சொல்லுங்களேன். ஆணா பெண்ணான்னும் கேட்குது, பெண்ணுக்குக் குறைவுதானே?

#7 கணக்குப்பிள்ளை

இல்லை. 2012 டிசம்பர் 21இல் இருந்து பாலினத்தை வைத்து விலை போடக் கூடாது. வயதை வைத்துப் போடலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

படிவத்தில் உண்மையை மாற்றாமல் மாற்றக்கூடியவை சிலவே.

பாலிசி வகை. எதிர்த்தரப்பின் இழப்பை மட்டும் ஈடுகட்டும் தேர்ட் பார்ட்டி எடுத்தால் மலிவு என்பது பழங்கதை. அதிக ஆபத்துள்ள ஓட்டுநர்களே அதைத் தேர்ந்தெடுப்பதால் பல நேரம் உங்கள் காரையும் சேர்க்கும் காம்ப்ரிஹென்சிவை விட அதிகமாக வரும். இவை இரண்டும், இடையில் உள்ள தேர்ட் பார்ட்டி-தீ-திருட்டும் என மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

தேதி. பாலிசி தொடங்கும் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே கேட்டால் குறைவாகவும், முதல் நாள் ராத்திரி கேட்டால் அதிகமாகவும் வரும். கடைசி நேரத்தில் வருபவர் ஆபத்தான வாடிக்கையாளர் என்று அவர்கள் கணக்கு சொல்கிறது. டெஸ்ட் தேதி தெரிந்திருப்பதால் உங்களுக்கு இது வசதி.

எக்ஸஸ், அதாவது கிளைமில் உங்கள் கையில் இருந்து போகும் தொகை. இரண்டு இருக்கும்: கட்டாயமானது ஒன்று, நீங்களாகச் சேர்ப்பது ஒன்று. அதோடு இளம் ஓட்டுநருக்கென்று தனியாக ஒன்று பாலிசிக்குள் ஒளிந்திருக்கும். மூன்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 1,100 பவுண்ட், கார் 1,800 பவுண்ட் என்றால் உங்கள் காருக்காகக் கிளைம் போடுவதில் அர்த்தமே இல்லை. விருப்ப எக்ஸஸை 250இல் இருந்து 500 ஆக்கினால் 30 பவுண்ட்தான் குறைகிறது என்றால் 250லேயே விடுங்கள்.

மைலேஜ். குத்துமதிப்பாகப் போடாமல் கணக்கிடுங்கள்: காலேஜுக்குப் போய்வரும் தூரம், வாரத்தில் எத்தனை நாள், பருவத்தில் எத்தனை வாரம், அதோடு கடை வேலையும் இதர பயணங்களும். வேண்டுமென்றே குறைத்துப் போட்டால் எம்ஓடியில் பதிவாகும் மைலேஜே காட்டிக்கொடுக்கும்.

பயன்பாடு. வெறும் சொந்த உபயோகம் என்று போடாதீர்கள். சனிக்கிழமை கடை வேலை ஒரே இடத்துக்குத் தவறாமல் போவது, அது கம்யூட்டிங். காலேஜையும் பல நிறுவனங்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். சேர்த்தால் விலை பெரிதாக ஏறாது, சேர்க்காவிட்டால் கிளைம் சிக்கும். நாளைக்கு அந்தக் காரில் உணவு டெலிவரி செய்யலாம் என்று அவள் கிளம்பினால் சாதாரண பாலிசியும் செல்லாது, கம்யூட்டிங்கும் செல்லாது. அதற்குத் தனி இன்சூரன்ஸ், 17 வயதுக்குக் கிடைப்பதே அரிது.

வேலை. "மாணவி" என்பதோடு பகுதிநேர வேலையையும் சொல்ல வேண்டும். ஒரே வேலையை இரண்டு பெயரில் சொல்ல முடியும் என்றால், இரண்டும் உண்மை என்றால், குறைவானதை எடுப்பதில் தப்பில்லை.

இதையெல்லாம் ஒரே நாளில், ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். நாலைச் சேர்த்து மாற்றினால் எது குறைத்தது என்று தெரியாது.

#8 பெட்டிச்செய்தி

பிளாக் பாக்ஸ் பற்றி யாரும் தொடவில்லையே.

மூன்று வகை. காருக்குள் ஆள் வந்து பொருத்தும் பெட்டி. நீங்களே சாக்கெட்டில் அல்லது பேட்டரியில் மாட்டுவது. கண்ணாடியில் ஒட்டும் சின்ன வில்லையும் போனில் ஒரு ஆப்பும். 17, 18 வயதுக்கு வரும் மலிவான விலைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றோடுதான் வரும்.

அது பார்ப்பது: வேகம், அழுத்திப் பிடிக்கும் பிரேக், திடீர் ஆக்ஸிலரேஷன், வளைவில் திரும்பும் விதம், ஓட்டும் நேரம். ஆப் வகை என்றால் ஓட்டும்போது போனைத் தொடுவதும் சேரும். இரவு 11க்கு மேல் ஓட்டினால் பெரும்பாலானவற்றில் தடை இல்லை, மதிப்பெண் குறையும். ஆனால் வாங்கும் முன் ஆவணத்தில் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும், சனிக்கிழமை கடையை மூடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது முக்கியம்.

எங்கே கெடும் என்றால்:

பொருத்துவதற்குக் கெடு இருக்கும். அதைத் தவறவிட்டால் பாலிசியையே ரத்து செய்வார்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் உங்களை ரத்து செய்தது என்ற பதிவு பிறகு ஒவ்வொரு படிவத்திலும் கேட்கப்படும், விலையும் ஏறும். ரத்து செய்யப்போவதாகக் கடிதம் வந்தால், அவர்கள் செய்வதற்கு முன் நீங்களே விலகிக்கொள்ள அனுமதிப்பார்களா என்று உடனே பேசுங்கள்.

ஆப் வகையில், தோழியின் காரில் பின் சீட்டில் போன பயணத்தையும் மகள் ஓட்டியதாகப் பதிவு செய்யும் வாய்ப்பு உண்டு. அன்றைக்கே "பயணி" என்று மாற்றி வைக்கணும். மாதக் கடைசியில் பார்த்தால் எந்தப் பயணம் எது என்று நினைவிருக்காது.

மோட்டார்வேக்குப் பக்கத்திலேயே மணிக்கு 30 மைல் வேக வரம்புள்ள சாலை ஓடும் இடங்களில் ஜிபிஎஸ் குழம்பும். 30இல் 68 போனதாக எச்சரிக்கை வந்தால் பதறாமல் தேதி, நேரம், இடம் கேட்டு எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். அந்தத் தரவு உங்கள் மகளுடையது. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டால் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

பாலிசியில் ஒப்புக்கொண்ட மைல்கள் தீர்ந்தால் கூடுதலாக வாங்க வேண்டும், அதன் விலையை முதலிலேயே பாருங்கள். காரை மாற்றினால் பெட்டியைக் கழற்றி மாட்டவும் கட்டணம் உண்டு.

என் கருத்து: முதல் வருடத்துக்கு எடுங்கள். மதிப்பெண் நன்றாக இருந்தால் ரினியூவலில் உதவும். ஆனால் பெட்டி உள்ள பாலிசிக்கும் இல்லாததற்கும் வித்தியாசம் 60, 70 பவுண்ட்தான் என்றால் அந்தத் தலைவலி வேண்டாம்.

#9 வடமராட்சியான்

சரி, ஃபிரன்டிங் கதையை விடுறன். இன்னொண்டு. வாட்ஸ்ஆப்பில ஒரு புரோக்கரின்ர நம்பர் சுத்துது. 17 வயசுக்கு ஒப்பீட்டுத் தளத்தில வாறதில மூண்டில ஒண்டு விலைக்கு எடுத்துத் தருவாராம். காசு கையில, இல்லாட்டி பாங்க் ட்ரான்ஸ்ஃபர். பாலிசிக் கடிதமும் வருமாம். உது எப்பிடி முடியும்?

#10 சட்டப்புள்ளி

முடியாது. அதற்குப் பெயர் கோஸ்ட் புரோக்கிங். நடப்பது இதில் ஒன்று:

ஒன்று, கடிதமே போலி. இரண்டு, உண்மையான பாலிசிதான், ஆனால் 17ஐ 47 ஆக்கி, போஸ்ட்கோடையும் மாற்றி எடுத்தது. உங்களுக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் மட்டும் சரியான விவரத்தைத் திருத்திப் போட்டிருப்பார்கள். மூன்று, பாலிசியை எடுத்துக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, சில நாளில் ரத்து செய்து பணத்தை அவரே திரும்ப வாங்கிக்கொள்வார்.

சோதிக்க: புரோக்கர் பெயரை எஃப்சிஏ (நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பு) பதிவேட்டில் பாருங்கள், அதில் உள்ள தொலைபேசி எண்ணுக்கே கூப்பிடுங்கள். பாலிசி எண்ணோடு இன்சூரன்ஸ் நிறுவனத்தை நேராகக் கேளுங்கள். கார் எண் மோட்டார் இன்சூரன்ஸ் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று எம்ஐபி (மோட்டார் இன்சூரர்ஸ் பீரோ) தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் அது மட்டும் போதாது: இரண்டாவது வகையில் கார் தளத்தில் இருக்கும், விவரம்தான் பொய்.

பிடிபடுவது வாங்கியவர். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 300 பவுண்ட் அபராதம், 6 பாயின்ட், காரையும் போலீஸ் எடுத்துப் போகும். புது ஓட்டுநருக்கு இந்த 6 என்பதுதான் ஆபத்தான எண். டெஸ்ட் பாஸ் செய்து இரண்டு வருடத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். மறுபடி புரொவிஷனல் (கற்றுக்கொள்பவர் லைசென்ஸ்), மறுபடி தியரி, மறுபடி பிராக்டிகல். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தாலும் அதே 6, கூடவே 200 பவுண்ட். புரொவிஷனலில் இருந்தபோது வாங்கி இன்னும் காலாவதியாகாத பாயின்டும் இந்தக் கணக்கில் சேரும். பிறகு ஐந்து வருடம் இன்சூரன்ஸ் படிவங்களில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

நல்ல புரோக்கரே வேண்டாம் என்று சொல்லவில்லை. பீபா என்ற பிரிட்டிஷ் இன்சூரன்ஸ் புரோக்கர் சங்கத்தின் வழியாகத் தேடினால் ஒப்பீட்டுத் தளங்களில் வராத விலைகளும் கிடைக்கும்.

#11 மார்கழிப்பூ

மாதத் தவணையா மொத்தமா? டெஸ்ட் பாஸ் ஆனதுக்கு அப்புறம் எடுக்கிற பாஸ் பிளஸ் பயிற்சி எடுத்தால் குறையுமா? அப்புறம் ரினியூவலில் ஏத்திடுவாங்கன்னு பயமா இருக்கு.

#12 கணக்குப்பிள்ளை

தவணை என்பது கடன், வட்டி உண்டு. மாதத் தொகையைப் பார்க்காமல் முன்பணத்தோடு எல்லாத் தவணையையும் கூட்டி மொத்த விலையோடு ஒப்பிடுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால், வட்டியில்லாக் காலம் உள்ள கிரெடிட் கார்டில் கட்டி அந்தக் காலத்துக்குள் அடைத்துவிடலாம், அடைக்கும் ஒழுங்கு இருந்தால்.

பாஸ் பிளஸ் குறைந்தது ஆறு மணி நேரம்: நகரம், எல்லா வானிலை, கிராமப்புறச் சாலை, இரவு, டூயல் கேரேஜ்வே, மோட்டார்வே. மோட்டார்வே பழக நல்லது. தள்ளுபடிக்காக மட்டும் என்றால், விலை சொன்ன நிறுவனத்திடம் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள். பல நிறுவனங்கள் இப்போது எதுவும் குறைப்பதில்லை.

ரினியூவல்: 2022 ஜனவரி 1இல் இருந்து, அதே வழியில் (நேரடியாகவோ ஒப்பீட்டுத் தளம் வழியாகவோ) வரும் புது வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையை விட அதிகமாகப் பழைய வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. அதற்காக ஏறாது என்று அர்த்தமில்லை, வேறு நிறுவனத்தில் குறைவாகவும் இருக்கலாம். மூன்று வாரம் முன்பே மறுபடி தேடுங்கள். நோ கிளைம்ஸ் வேண்டுமானால் வருடத்தை முழுசாக முடியுங்கள். 11ஆம் மாதம் ரத்து செய்தால் அந்த வருடம் கணக்கில் வராது.

நீங்கள் பார்க்கும் விலையில் 12% வரி, அதைக் குறைக்க வழியில்லை.

#13 ஐந்தாம்கியர்

ஒரு சின்ன இடைச்செருகல். டெஸ்டுக்கு முன்பே கார் வாங்கி வாசலில் நிறுத்தினால், ஓட்டாவிட்டாலும் இன்சூரன்ஸ் வேண்டும், அல்லது எஸ்ஓஆர்என் (கார் சாலையில் ஓடவில்லை என்ற அறிவிப்பு) கொடுத்துத் தெருவில் இல்லாமல் சொந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 100 பவுண்ட் அபராதக் கடிதம் வரும்.

#14 மார்கழிப்பூ

கடைசியா ஒண்ணு. இப்போ என் காரில் அவளுக்கு லேர்னர் இன்சூரன்ஸ் தனியா இருக்கு. டெஸ்டுக்கும் அந்தக் காரில்தான் போறோம். பாஸ் ஆனால் அவளே ஓட்டிட்டு வீட்டுக்கு வரலாமா?

#15 சட்டப்புள்ளி

பாலிசி ஆவணத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். பெரும்பாலான லேர்னர் பாலிசிகள் பாஸ் ஆன அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும், வீடு திரும்பும் பயணமும் சேராது. சர்டிபிகேட்டைக் கையில் வாங்கி மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் அது இன்சூரன்ஸ் இல்லாத பயணம், மேலே சொன்ன அதே 6 பாயின்ட். திரும்பும்போது நீங்கள் ஓட்டுங்கள், அந்தக் காருக்கு உங்கள் இன்சூரன்ஸ் இருக்கிறதே.

அவளையே உங்கள் பாலிசியில் சேர்த்திருந்தால் கதை வேறு, ஆனால் புரொவிஷனல் முழு லைசென்ஸ் ஆனதை உடனே போனில் சொல்ல வேண்டும், கூடுதல் பணமும் கேட்பார்கள். அந்தத் தொகையை டெஸ்டுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதுக் காரின் பாலிசியை எடுக்கும்போது "முழு லைசென்ஸ், ஒரு வருடத்துக்கும் குறைவு" என்று போட்டு, தொடங்கும் தேதியை டெஸ்டுக்குச் சில நாள் கழித்து வையுங்கள். ஃபெயில் ஆனால் தேதியைத் தள்ள முடியுமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பாலிசி கைக்கு வந்த நாளில் இருந்து 14 நாளுக்குள் விலகும் உரிமை இருக்கிறது, ஆனால் பெட்டி பொருத்திய செலவைப் பிடித்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு.